தினத் தியானமும் கிறிஸ்தவ வாழ்வும்

கிறிஸ்தவக் கல்லூரியொன்றிற் பயிலும் மாணவர்க்கு வேதபுத்தகம் புதிய பொருளன்று. இல்லத்திற் பெற்றோர் வாசிக்கக் கேட்டிருக்கின்றோம். ஓய்வுநாட் பாடசாலையில் வசனங்களை மனனஞ் செய்து பரிசும் பெற்றிருக்கின்றோம். கல்லூரி ஆலயத்தில் அதன் பகுதிகள் நம் செவியில் அடிக்கடி விழுகின்றன. இத்துணைப் பழக்கம் இருந்தும், காலையில் வாசித்த பகுதி யாதென மாலையில் ஒருவர் வினவின், விடை கூறவல்லார் நம்முள் எத்தனை பேர்? அங்ஙனம் கூறவல்லாரை நோக்கி, “அப்பகுதியின் பொருட்டு இன்று நீர் செய்தது யாது, செய்யாது விடுத்தது யாது?” என மீட்டும் வினவின், வாய் திறப்பார் எத்தனை பேர்? முதல் வினா நினைவாற்றலைப் பற்றியது. இரண்டாவது வினா வாழ்வைப் பற்றியது. இவ்விரண்டாம் வினாவையே இக்கட்டுரையின்கண் ஆராயப் புகுகின்றோம்.

தியானம் என்பது யாது?

சங்கீதப் புத்தகத்தின் முதற் சங்கீதம், கர்த்தருடைய வேதத்தில் இரவும் பகலும் தியானமாயிருக்கும் மனிதனை நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்ட மரத்துக்கு ஒப்பிடுகின்றது. ஆண்டுத் தியானித்தல் என்று மொழிபெயர்க்கப்பட்டிருப்பது ‘ஹாகா’ என்னும் எபிரெயச் சொல். கண்களை மூடி வாளா இருத்தல் அச்சொல்லின் பொருளன்று. வாய்க்குள் மெல்ல ஒலித்தல், முணுமுணுத்தல் என்பனவே அதன் பொருளாம். ஏசாயாவின் ஆகமத்தில், தன் இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்தைக் கூறுமிடத்தும், நோயுற்ற எசேக்கியா அரசன் தன் புலம்பலைப் புறாவின் குரலுக்கு ஒப்பிடுமிடத்தும் இச்சொல்லே வந்துள்ளது. சிங்கம் தான் பற்றிய இரையை எளிதில் விடாது. புறாவோ ஒரே ஓசையை மீண்டும் மீண்டும் எழுப்பும். ஆகவே ஒரு வாக்கியத்தைப் பற்றிக்கொண்டு, அதனை விடாது, பலமுறை தனக்குத் தானே சொல்லிப் பார்த்தலே வேதாகமம் கூறும் தியானம் எனக் கொள்ளலாம்.

இக்கருத்துத் தமிழ் மாணவர்க்கு அயலானதன்று. நன்னூலார் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் உவமை கூறினார் என்பது நாம் அறிந்ததே. அவற்றுள் பசு தலைமாணாக்கர்க்கு உவமை. நல்ல புல்லைக் கண்டவிடத்து வயிறார மேய்ந்து, பின்பு நிழலில் ஓரிடத்துப் படுத்து, உண்டதனை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அசைபோடுதல் அதன் இயல்பு. கிளி இடைமாணாக்கர்க்கு உவமை. தனக்குச் சொல்லிக்கொடுத்ததன்றி வேறொன்றும் அது சொல்லாது. ஆடோ கடைமாணாக்கர்க்கு உவமை. ஒரு செடியில் நிறைய மேயாது, கண்ட தழையெல்லாம் நுனி கடித்து அப்பாற் செல்லும். வேதத்தை வாசிப்பாரையும் இவ்வாறே வகைப்படுத்தலாம். இன்று ஒரு சங்கீதம், நாளை வெளிப்படுத்தலில் ஒரு வசனம், மறுநாள் நிருபமொன்றில் இரண்டு அடிகள் என்று போவார் ஆட்டினை ஒப்பர். வசனங்களைப் பிழையின்றி ஒப்பித்து அவ்வளவில் அமைவார் கிளியை ஒப்பர். சிறிதே வாசித்தும் அதனைப் பகலெல்லாம் அசைபோடுவாரே பசுவை ஒப்பர்.

ஏறத்தாழ நன்னூல் எழுந்த காலத்திலேயே, பிரஞ்சு நாட்டு மலைமடமொன்றின் தலைவராயிருந்த இரண்டாம் கீகோ என்னும் துறவியும் இவ்வுவமையையே கையாண்டார். வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், தரிசித்தல் என்னும் நான்கினையும் ஓர் ஏணியின் படிகளாக அவர் வகுத்தார். வாசித்தல் உணவை வாயில் இடுவதென்றும், தியானித்தல் அதனை மெல்லுவதென்றும் விளக்கினார். வாயில் இட்டதனை மெல்லாது விழுங்குவார்க்கு உணவு உடலிற் சேராது. வாசித்ததனைத் தியானியாது விடுவார்க்கும் நேர்வது அதுவேயாம்.

வேதம் நம் கைக்கு வந்ததும், நாம் அதற்குச் செய்ததும்

இங்ஙனம் அசைபோடுதற்கு நூல் முதலில் நம் மொழியில் நம் கையில் இருத்தல் வேண்டும். 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்கு ஐயரும் புளூச்சோ ஐயரும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு ஐயர் தமிழ் பயின்று புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அது 1714, 1715-ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியிலேயே அச்சாகி வெளிவந்தது. இந்திய மொழியொன்றில் முதன்முதல் அச்சேறிய புதிய ஏற்பாடு அதுவே. பழைய ஏற்பாட்டில் அவர் ரூத்தின் சரித்திரம் வரை மொழிபெயர்த்து, 1719-இல் காலமானார். எஞ்சியதனைச் சூல்ச் ஐயர் முடிக்க, 1728-க்குள் அதுவும் அச்சாயிற்று. அதன் பின்னர்ப் பப்ரிசியஸ் ஐயர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டுப் புதியதொரு மொழிபெயர்ப்பைத் தந்தார். ஒரு குடியானவர் வீட்டுத் திண்ணையில் விளக்கேற்றி வைத்துத் தமிழில் வேதம் வாசித்தல் இவர்தம் உழைப்பினாலேயே இயல்வதாயிற்று.

இப்பேறு பெற்ற நம் முன்னோர் அதனை எங்ஙனம் பயன்படுத்தினர்? அவர்தம் பக்தியையும் தியாகத்தையும் நாம் குறைத்துக் கூறோம். எனினும் உண்மையை மறைத்தலும் தகாது. தமிழில் வேதம் அச்சாகி நூறாண்டு கடந்த பின்னும், திருச்சபையார் பலர் ஆலயத்திற் சாதிக்குச் சாதி தனியிடத்து அமர்ந்தனர். திருவிருந்திற்கும் முன்னும் பின்னுமாகத் தனித்தே சென்றனர். 1833-ஆம் ஆண்டு கல்கத்தாவின் அத்தியட்சராயிருந்த தானியேல் வில்சன், திருச்சபையினுள் சாதி வேற்றுமையைத் தாமதமின்றி முற்றும் ஒழித்தல் வேண்டுமெனக் கட்டளை அனுப்பினார். அதனை ஏற்க மனமின்றிச் சபையை விட்டு விலகினார் பலர். கிறிஸ்துவுக்குள் யூதரென்றும் கிரேக்கரென்றும், அடிமையென்றும் சுயாதீனரென்றும் வேற்றுமையில்லை என்று பவுல் அப்போஸ்தலர் கலாத்தியர்க்கு எழுதியது அவர்கள் வைத்திருந்த புத்தகத்தில் இல்லாமற் போகவில்லை. அவர்கள் அதனை வாசியாமலும் இல்லை. வாசித்தனர், ஆயினும் அவ்வாக்கியம் தம் பந்திக்கும் பாய்க்கும் உரியதென அதனை அசைபோட்டிலர்.

இதனை முன்னோர்மேற் குற்றமாக ஏற்றிவிட்டு நாம் ஒதுங்குதல் எளிது. யாக்கோபு தம் நிருபத்தில், வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவனை, கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டு, அப்பாற் சென்றவுடன் தன் சாயல் இன்னதென மறந்துவிடும் மனிதனுக்கு ஒப்பிடுகின்றார். முன்னோர் முகத்திலுள்ள மறுவைக் காண்பதற்கன்று அக்கண்ணாடி நமக்குத் தரப்பட்டது. விடுதியில் நாம் எவரோடு ஒருங்கிருந்து உண்கின்றோம், எவரை வாடா போடா என அழைக்கின்றோம், திருமணம் பேசுமிடத்து நம் இல்லத்தார் முதற்கண் கேட்கும் கேள்வி யாது என்பனவற்றை நோக்கின், அக்கண்ணாடியில் நம் முகமே தோன்றும்.

வனாந்தரத்தில் நம் ஆண்டவர்

தியானம் வாழ்விற்கு எவ்வாறு துணையாகின்றது என்பதற்கு நம் ஆண்டவரே தலையாய சான்று. வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசித்த பின்னர்ச் சோதனைக்காரன் அவரை அணுகினான். மூன்று முறை சோதித்தான். மூன்று முறையும் அவர் வேதவாக்கியத்தையே விடையாகக் கூறினார். அம்மூன்று விடைகளும் உபாகமம் என்னும் ஒரே ஆகமத்திலிருந்து, அதிலும் ஆறாம் அதிகாரத்திலும் எட்டாம் அதிகாரத்திலுமிருந்து எடுக்கப்பட்டன என்பது கருதற்பாலது. இஸ்ரவேலர் நாற்பது ஆண்டு வனாந்தரத்திற் பசித்திருந்ததையும், மன்னாவினால் போஷிக்கப்பட்டதையும், கடவுளைப் பரீட்சை பார்த்ததையும் நினைப்பூட்டும் பகுதிகள் அவை. தாம் நின்ற இடத்திற்கும் தமக்குற்ற பசிக்கும் மிகப் பொருந்திய வேதபாகம் அவர் உள்ளத்தில் ஆயத்தமாய் இருந்தது. ஏட்டினைத் திறந்து தேட ஆண்டு இடமில்லை. முன்னரே உள்ளத்திற் சேர்ந்திருந்தது சோதனை வேளையில் வெளிப்பட்டது.

இங்கே மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. சோதனைக்காரனும் வேதத்தைக் கூறினான். தேவாலயத்து உப்பரிகையில் அவரை நிறுத்தித் தாழக் குதிக்குமாறு தூண்டியபோது, தேவதூதர் பாதங்களைத் தாங்குவர் என்னும் தொண்ணூற்றோராம் சங்கீதத்து வாக்கை அவன் எடுத்தாண்டான். வசனம் அறிந்திருத்தலில் அவனும் குறைந்தவனல்லன். பின் வேற்றுமை யாது? ஒருவர் பிதாவுக்குக் கீழ்ப்படிதற்பொருட்டு வேதத்தை ஏந்தினார். மற்றொருவன் தன் எண்ணம் நிறைவேறுதற்பொருட்டு அதனை ஏந்தினான். ஆதலின், எத்தனை அதிகாரம் அறிவோம் என்பதனால் நம் தியானம் அளக்கப்படுவதன்று. அறிந்ததற்குக் கீழ்ப்படிய உளங்கொண்டோமா என்பதனாலேயே அது அளக்கப்படும்.

அண்மைக் காலத்துச் சான்று ஒன்று

ஜெர்மனி நாட்டில் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் சின்சென்டோர்பு பிரபுவின் நிழலில் மொரேவிய சகோதரர் குடியேறி வாழ்ந்தனர். 1728-ஆம் ஆண்டு மே மாதத்தில், மறுநாட்கு உரிய வேதவாக்கியம் ஒன்றினை ஊரார் அனைவர்க்கும் அறிவிக்கும் வழக்கம் அங்குத் தொடங்கிற்று. 1731-ஆம் ஆண்டிற்கு அவ்வாக்கியங்கள் நூலாக அச்சிடப்பட்டன. அன்றுமுதல் ஆண்டுதோறும் அந்நூல் வெளிவருகின்றது. அச்சபையார் சிலர் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினர். செல்வரும் வேலைக்காரரும், வீட்டிலுள்ளாரும் கடல் கடந்து சென்றாரும் ஒரே நாளில் ஒரே வாக்கியத்தை நினைந்திருத்தல் அவ்வழக்கத்தின் சிறப்பு.

அந்நூலை நாள்தோறும் வாசித்தவர்களுள் ஒருவர் தீத்திரிக்கு போன்ஹோபர் என்னும் ஜெர்மன் குருவானவர். ஹிட்லரின் ஆட்சிக்குப் பணிய மறுத்த சபையாரின் பொருட்டு, 1935-இல் பின்கன்வால்டே என்னுமிடத்தில் குருமாணவர்க்கான பள்ளியொன்றை அவர் நடத்தினார். நாள்தோறும் காலையில் அரைமணி நேரம் ஒவ்வொருவரும் மௌனமாயிருந்து தியானித்தல் வேண்டுமென்பதும், ஒரு வாரம் முழுவதும் ஒரே வேதபாகத்தையே தியானித்தல் வேண்டுமென்பதும் அங்கு விதி. பிரசங்கத்திற்குக் குறிப்பெடுத்தற்கோ, மூலமொழியை ஆராய்தற்கோ அந்நேரம் பயன்படலாகாது. மாணவர் பலர்க்குத் தொடக்கத்தில் இது பெருஞ்சுமையாய் இருந்தது; ஆயினும் அவர் விதியைத் தளர்த்தவில்லை. 1937-இல் அரசினர் அப்பள்ளியை மூடினர்.

1939-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நண்பர்கள் அவரை அமெரிக்காவிற்கு வரவழைத்தனர். அங்கே பதவி உண்டு, பாதுகாப்பு உண்டு. நியூயார்க் நகரில் இருந்த சின்னாட்களில் அவர் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. துன்புறும் தம் சகோதரரை விட்டுத் தாம் மட்டும் தப்பியிருத்தல் தகாதெனத் தெளிந்து, அளிக்கப்பட்ட பணியை ஜூன் 20-ஆம் நாள் மறுத்தார். ஆறு நாட்கழித்து, குளிர்காலத்திற்கு முன் வந்து சேரும்படி பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் வாக்கியம் தற்செயலாக அவர் கண்ணிற்பட்டது. அது பகலெல்லாம் தம்மைத் தொடர்ந்ததென்று தம் நாட்குறிப்பில் அவர் எழுதிவைத்தார். ஜூலையில் தாயகம் திரும்பினார். 1943-இல் சிறைப்பட்டார். 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, உடன் சிறையிருந்தார் வேண்டிக்கொள்ள, அந்நாட்குரிய வேதபாகங்களாகிய ஏசாயா 53-ஆம் அதிகாரத்து வாக்கையும், பேதுருவின் முதல் நிருபத்து முதல் அதிகாரத்து வாக்கையும் வாசித்து விளக்கினார். அவர் முடித்த சற்று நேரத்தில் காவலர் வந்து அழைத்துச் சென்றனர். மறுநாட் காலையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இவ்வரலாற்றில் நாம் அறியவேண்டுவது யாது? ஒரு வசனம் திடீரெனத் தோன்றி அவரைத் திருப்பியனுப்பிற்று என்று கொள்ளுதல் தவறு. அவர்தம் தீர்மானம் அதற்கு முன்னரே முடிந்தது. ஆண்டுக்கணக்காக, சுவையிருந்த நாளிலும் இல்லாத நாளிலும், அவர் வேதத்தின்முன் அமர்ந்திருந்தார். அப்பழக்கத்தினால் அவர் உள்ளம், தனக்கு நலந்தருவது யாதென வினவுவதை விட்டு, கடவுளுக்கும் சகோதரர்க்கும் தாம் கடன்பட்டது யாதென வினவக் கற்றிருந்தது. பெரிய தீர்மானம் அச்சிறு காலைப்பொழுதுகளின் விளைவேயாம்.

தியானிக்கும் முறை

இனி, மாணவராகிய நாம் கைக்கொள்ளத்தக்க முறையொன்றினைக் கூறுவாம். முதலாவது, வேளையும் இடமும் குறித்துக்கொள்ளுதல். விடுதி மணி அடித்து ஆரவாரம் எழுமுன் உள்ள கால்மணி நேரம் போதும். இரண்டாவது, ஓர் ஆகமத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒழுங்காகச் சிறிது சிறிதாக வாசித்தல். மூன்றாவது, வாசித்தவற்றுள் ஒரு வாக்கியத்தைத் தெரிந்து, வாய்க்குள் பலமுறை சொல்லுதல். நான்காவது, அதனை ஜெபமாக மாற்றுதல். ஐந்தாவது, அவ்வாக்கியத்தின்படி அன்று மாலைக்குள் செய்யவேண்டிய செயலொன்றைத் துணிதல். செயல் சிறிதாயிருக்கலாம், ஆனால் அதற்கு ஒரு மனிதரின் பெயரும் ஒரு வேளையும் இருத்தல் வேண்டும். “அன்பாயிருப்பேன்” என்பது துணிவன்று. “நேற்றுப் பந்தாட்டத்தில் யான் பழித்த நண்பனிடம் பகலுணவிற்கு முன் மன்னிப்புக் கேட்பேன்” என்பதே துணிவாகும்.

எடுத்துக்காட்டாகப் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தைக் கொள்வோம். இருபத்தைந்து வசனங்களே உடைய அதனை ஐந்து நிமிடத்தில் வாசித்து முடிக்கலாம். ஒரு வாரம் முழுதும் அசைபோடவும் இடந்தரும். பிலேமோன் என்பார் செல்வர். அவர் இல்லத்திலேயே சபை கூடிற்று. அவர்தம் அடிமையாகிய ஒநேசிமு அவரை விட்டுப் பிரிந்து, சிறையிலிருந்த பவுலிடம் வந்து விசுவாசியானான். அவனைப் பவுல் இந்நிருபத்துடன் திருப்பியனுப்புகின்றார்.

முதல் நாள், நிருபம் முழுவதையும் இருமுறை வாசித்து, அதன்கண் வரும் மாந்தர் யாவரெனக் காண்க. பிலேமோனோடு அப்பியாளும் அர்க்கிப்பும் வீட்டிற் கூடும் சபையாரும் வாழ்த்தப்படுகின்றனர். இது ஒருவர்க்கு எழுதிய தனி மடலாயினும், பலர் அறிய வாசிக்கப்படுவது. நம் வீட்டுக் காரியம் சபையார் அறியத் தக்கதாய் உளதா என வினவுக.

இரண்டாம் நாள், கட்டளையிடத் தமக்கு உரிமை இருந்தும், அன்பினிமித்தம் வேண்டிக்கொள்வதையே பவுல் தெரிந்துகொண்டதனைத் தியானிக்க. வகுப்புத் தலைவராகவோ, விடுதிப் பொறுப்பாளராகவோ இருப்பார் தம் அதிகாரத்தை எவ்வாறு வழங்குகின்றனர்?

மூன்றாம் நாள், ஒநேசிமு என்னும் பெயரைத் தியானிக்க. பயனுள்ளவன் என்பது அதன் பொருள். முன்னே பயனற்றவனாயிருந்தவன் இப்பொழுது உமக்கும் எனக்கும் பயனுள்ளவன் என்று பவுல் அப்பெயரை வைத்தே நயமாய்க் கூறுகின்றார். உதவாதவன் என நாம் ஒதுக்கிவிட்ட மாணவன் ஒருவன் நம் வகுப்பில் இல்லையா?

நான்காம் நாள், அவனை இனி அடிமையாக அன்று, பிரியமான சகோதரனாகவே ஏற்றுக்கொள்ளவேண்டும் என்னும் வேண்டுதலைத் தியானிக்க. இந்நாளே கடினமான நாள். நமக்குச் சோறு சமைத்துப் படைப்பவர், முற்றம் பெருக்குபவர், கழிப்பிடம் துப்புரவு செய்பவர் ஆகியோரின் பெயர் நமக்குத் தெரியுமா? நம் தந்தையார் வயதுடைய அவரை நாம் எச்சொல்லால் அழைக்கின்றோம்? இன்று மாலைக்குள் அவருள் ஒருவர் பெயரை அறிந்து, அண்ணன் என்றோ ஐயா என்றோ அம்மா என்றோ மரியாதையாய் அழைத்துப் பேசத் துணிக.

ஐந்தாம் நாள், அவன் பட்ட கடனைத் தம் கணக்கில் வைக்குமாறு பவுல் தம் கையாலேயே எழுதிக்கொடுத்ததனைத் தியானிக்க. பிறர் கடனைத் தாம் ஏற்ற நம் ஆண்டவரின் சாயல் இங்கே தோன்றுகின்றது. திருப்பித் தராத நூலையும், கொடாத கைம்மாற்றையும் அந்நாளில் நினைவு கூர்க.

ஆறாம் நாள், ஒநேசிமுவின் நிலையில் நின்று வாசிக்க. கொலோசெயர் நிருபத்தில் அவன் தீகிக்குவோடு அனுப்பப்பட்டவனாகக் கூறப்படுகின்றான். தன் பழைய எசமானன் இல்லத்தை நோக்கி அவன் நடந்த வழியின் அச்சத்தையும், அவனை நடத்திய விசுவாசத்தையும் எண்ணுக.

ஏழாம் நாள், பிலேமோன் என்ன செய்தார் என்பது நிருபத்தில் எழுதப்படவில்லை என்பதனைத் தியானிக்க. கேட்டதற்கு மேலும் செய்வீரென நம்புகின்றேன் எனப் பவுல் கூறி முடிக்கின்றார். எஞ்சிய விடையை எழுதவேண்டுவது வாசிப்பவராகிய நாமே.

இடர்களும் அவற்றிற்கு விடையும்

இம்முறைக்கு மாணவர் சிலர் தடை கூறுவர். பொழுதில்லை என்பது முதல் தடை. கப்பர்நகூமில் ஓய்வுநாள் மாலையில் ஊரார் எல்லாரும் வாசலிற் கூடிவர, நோயாளிகளைக் குணப்படுத்திக் களைத்த நம் ஆண்டவர், மறுநாள் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்திற்குச் சென்று ஜெபித்தார் என மாற்கு கூறுகின்றார். எல்லாரும் தேடுகின்றனர் என்று சீஷர் வந்து அழைத்தபோது, அவர் அக்கூட்டத்தினிடம் திரும்பாது, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். மக்கள் விரும்பியது ஒன்று; பிதாவின் சித்தம் மற்றொன்று. அவ்விரண்டனையும் பிரித்தறியும் தெளிவு வைகறையிற் பெற்றதன்றோ? வேலை மிக்க நாளுக்கே அத்தெளிவு மிக வேண்டும். அன்றியும், மன்னாவை இஸ்ரவேலர் நாள்தோறும் காலையிற் சேர்க்கவேண்டியிருந்தது. ஓய்வுநாட்கென வைத்ததன்றி, விடியுமட்டும் வைத்த மிச்சம் புழுத்து நாறிற்று. விடுமுறையில் மொத்தமாக வாசித்துக்கொள்வோம் என்பார் இதனை நினைப்பாராக.

சுவை தோன்றவில்லை என்பது இரண்டாம் தடை. சில நாட்களில் வாசித்த வாக்கியம் உள்ளத்தைத் தொடாது போகலாம். உணவு சுவையாத நாளிலும் நாம் உண்ணாதிருப்பதில்லை. 119-ஆம் சங்கீதத்தைப் பாடியவர், எபிரெய எழுத்து இருபத்திரண்டிற்கும் எழுத்துக்கு எட்டு வசனமாக 176 வசனங்களை வேதத்தைப் பற்றியே பாடினார். அவற்றுள் மகிழ்ச்சியும் உண்டு. ஆத்துமா புழுதியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோர்வும் உண்டு. சோர்ந்த நாளையும் அவர் பாட்டிலிருந்து நீக்கவில்லை.

மூன்றாவது தடையன்று, ஒரு பிழை வழக்கம். தேர்வு எழுதுமுன்னோ, வேலைக்கு விண்ணப்பிக்குமுன்னோ புத்தகத்தைக் கண்மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தை நிமித்தமாகக் கொள்வார் உளர். இது வேதத்தைத் தியானித்தலன்று, குறி கேட்டலாம். பெரோயா பட்டணத்தார் பவுலின் உரையைக் கேட்டு, காரியங்கள் அப்படியிருக்கின்றனவோ என்று நாள்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தனர். அதனாலேயே நற்குணசாலிகள் எனப்பட்டனர். ஆராய்தலும் அறிவும் தியானத்திற்குப் பகையல்ல. கல்லூரியில் நாம் பெறும் கல்வி அனைத்தையும் அக்கால்மணி நேரத்திற்குக் கொண்டுவரலாம்; விட்டுவரவேண்டுவது பிடிவாதம் ஒன்றே.

முடிவுரை

நெகேமியாவின் புத்தகத்தில் ஒரு நிகழ்ச்சி கூறப்பட்டுள்ளது. ஏழாம் மாதம் முதல் தேதியில் ஜனங்கள் யாவரும் வீதியிற் கூட, எஸ்றா வேதபாரகர் காலை தொடங்கி மத்தியானமட்டும் நியாயப்பிரமாணத்தை வாசித்தார். லேவியர் அதன் பொருளை விளக்கினர். ஜனங்கள் கேட்டு அழுதனர். அழவேண்டாமெனவும், உண்டு களித்து, ஒன்றுமில்லாதவர்க்குப் பங்கு அனுப்புமாறும் அவர்கட்குக் கூறப்பட்டது, அவ்வாறே அனுப்பினர். இரண்டாம் நாள் தலைவர்கள் மீண்டும் கூடி வாசிக்கையில், கூடாரப் பண்டிகையைப் பற்றிய கட்டளையைக் கண்டனர். கண்டவுடன் மலைக்குச் சென்று ஒலிவக் கிளையும் பேரீச்ச ஓலையும் கொணர்ந்து, தத்தம் வீட்டு மாடியிலும் முற்றத்திலும் கூடாரம் அமைத்தனர். யோசுவாவின் நாள் முதல் அந்நாள் மட்டும் அவ்வாறு செய்யப்படவில்லை என அப்புத்தகம் கூறுகின்றது. தலைமுறை தலைமுறையாக ஏட்டில் இருந்த கட்டளை, வாசித்த மக்கள் எழுந்து நடந்தமையால் முற்றத்திற் கூடாரமாயிற்று. கேட்டு அழுததோடு அவர்கள் நின்றிருப்பின், பசித்தவன் பங்கு பெற்றிரான், கூடாரமும் எழுந்திராது.

அன்புள்ள மாணவர்காள், கல்லூரியில் நாம் இருக்கும் ஆண்டுகள் சில. இங்கே கற்ற சூத்திரங்கள் பல பின்னர் மறந்துபோம். ஆயினும் நாட்காலையில் வேதத்தின்முன் அமர்ந்து, ஒரு வாக்கியத்தை ஏற்று, அதனை மாலைக்குள் ஒரு மனிதரிடத்துச் செயலாக்கும் பழக்கத்தை ஈண்டுப் பெற்றோமாயின், அஃது அலுவலகத்திலும் இல்லறத்திலும் துன்பவேளையிலும் நம்மை விட்டு நீங்காது. பழைய மாணவராய் இதனை வாசிக்கும் பெரியோரும், இடையில் விட்டிருப்பின், நாளைக் காலையில் தொடங்குவார்களாக. பிலேமோன் நிருபம் ஒரே பக்கம். அதனை எடுத்து வாசித்து, மாலைக்குள் எவரிடம் செல்லவேண்டும் என்பதனை முடிவு செய்வோம்.